தண்ணீர் வராவிட்டால் பொறுப்பல்ல

திருச்செங்கோட்டில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸில் நான் சேர்ந்த புதிது. அதற்கு முன் போர்வெல் போடும் ஒரு ரிக் கம்பெனியில் அவர்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் வினையாகிப் போனது.

ஒருநாள் காலையில் எங்கள் கஸ்டமர் பழனியப்பன் போனை நீட்டியபடி உள்ளே வந்தார். போர்வெல் ரிக் லாரிகள் வைத்திருப்பவர். கூகுளில் அவர் கம்பெனிப் பெயருக்குக் கீழே, 'தண்ணீர் வராவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல' என்று இருந்தது.

"ஓமலூர்த் தோட்டத்துக்காரர் ஒருத்தர் இதைப் பார்த்துப்போட்டு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டார். உள்ள இருந்தே யாரோ பண்ணியிருக்காங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மிணி, நீ முன்ன எங்களுக்குப் போட்டிக் கம்பெனிலதானே இருந்தே?"

முதலாளி செந்தில் உடனே என் பாஸ்வேர்டை முடக்கினார். பக்கத்து சீட்காரர் என் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கம்பெனிக்காரர்கள்தான் ஏதாவது செய்துவிட்டார்களோ என்று எனக்கும் மனதில் ஓடியது.

"அண்ணா, நான் கை வைக்கலைங்க. நீங்களே திறந்து பாருங்க" என்றேன்.

செந்தில் திறந்தார். கூகுளில் தலைப்புக்கு அடியில் வருவதற்காக நாங்கள் எழுதிக்கொடுக்கும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் அப்படியே இருந்தது: 'தரமான சேவை. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்.'

"ஐயா, நீங்க என்னன்னு தட்டித் தேடுனீங்க?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டத்துக்காரர் தேடுன மாதிரிதான். நம்ம பேரைப் போட்டு, தண்ணி வரலைன்னா என்னன்னு."

பெயரை மட்டும் தட்டினோம். நாங்கள் எழுதியது வந்தது. தோட்டத்துக்காரரின் கேள்வியையும் சேர்த்தோம். அவர் வெப்சைட்டின் அடியில், நிபந்தனைகளில் இருந்த வரி வந்தது. எங்கள் வரியில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை; அதனால் பதில் இருந்த வரியைக் கூகுளே எடுத்துப் போட்டிருந்தது.

"வக்கீல் சொன்னாருன்னு நாந்தான் அதைப் போடச் சொன்னேன்" என்றார் பழனியப்பன். குரல் இறங்கியிருந்தது.

"தண்ணி வருமான்னு முன்னாடியே பார்ப்பீங்களாங்க?"

"நீரோட்டம் பார்க்காம ரிக்கை இறக்கமாட்டோம். சந்தேகம்னா முன்னாடியே சொல்லிப்போடுவோம்."

செந்தில் திறந்து வைத்திருந்த பக்கத்தில் அதையே எழுதினேன்: 'சேலம், நாமக்கல் பகுதிகளில் போர்வெல். நீரோட்டம் பார்த்த பிறகே ரிக் வரும். தண்ணீர் சந்தேகம் என்றால் முன்பே சொல்லிவிடுவோம்.'

"இனி இதைத்தான் காட்டுமா?" என்றார் பழனியப்பன்.

"உறுதி சொல்ல முடியாதுங்க. வாய்ப்பு அதிகம்."

அவர் நம்பவில்லை. வீட்டிலிருந்த ஒவ்வொரு போனிலும் தேடிப் பார்த்தாராம். வரி மாறியதும் செந்திலைத்தான் கூப்பிட்டார், என்னை அல்ல.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெருமையை எழுதாதீர்கள். தேடுகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, அதற்கு உண்மையான பதிலை இரண்டு வரியில் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், பதிலைக் கூகுளே தேர்ந்தெடுத்துவிடும்.