நைனாவின் இடது கணுக்கால்

எங்க நைனா ஜம்புலிங்கத்துக்கு வேட்டி என்பது தோல் மாதிரி. பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போனாலும் வேட்டி, ஏரிக்கரையில் மீன் வாங்கப் போனாலும் வேட்டி. பூந்தமல்லி பஜாரில் ஒரு சின்ன நகைக்கடை வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் போன ஆடி மாசம், ஐம்பத்தாறு வயசில், திடீரென்று பேண்ட் போட ஆரம்பித்தார். அதுவும் சாதா பேண்ட் இல்லை. கீழே ரெண்டு பக்கமும் குடை விரித்த மாதிரி பெல்பாட்டம்.

சென்னீர்குப்பத்தில் எங்க தெரு முழுக்க அதே பேச்சு. நான் பிளஸ் ஒன்னோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் இருப்பவள். கைவசம் நேரம் நிறைய. நைனா டிவி டான்ஸ் போட்டியில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டேன். எதிர்வீட்டு கெங்கம்மாள் அதை நம்பி அவரையே பிடித்துக் கேட்டுவிட்டார்.

"எந்த டிவில வருது அண்ணாத்தே? சொன்னா பாப்போம் இல்ல?"

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

உண்மை என்னவென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேண்ட்டுக்குள் ஒரு துப்பாக்கி இருந்தது.

அதுக்கு முந்தின வருஷம் ஒரு சாயங்காலம், ஷேர் ஆட்டோவில் இறங்கி வீட்டுக்கு நடந்துவந்தவரை பைக்கில் வந்த ரெண்டு பேர் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது மணிக்கட்டு எலும்பு போய்விட்டது. நகை எல்லாம் இடுப்பு மடியில் இருந்தது, தப்பித்தது. அவர்கள் பிடுங்கிக்கொண்டு போனது சாப்பாட்டுப் பை. மாவுக்கட்டு போட்ட கையோடு நைனா அதை ஊர் முழுக்கக் கதையாகச் சொன்னார்.

"தொறந்து பாத்துருப்பானுங்க, பாகக்கா கொழம்பு. அதுவும் என் பொஞ்சாதி ராணி வச்சது. அந்தத் தண்டனையே போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவர் பயத்தைப் போட்டு மூடி வைத்திருந்தார். அது எங்க அம்மா ராணிக்குத் தெரிந்தால், "கடையை வாடகைக்கு உட்டுட்டு ஊட்ல உக்காரு" என்பார்கள். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் தன் கையால் ஷட்டர் தூக்குகிற மனுஷனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

நகைக்கடைப் பாதுகாப்புக்கு என்று எழுதிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கினார். போலீஸ் வந்து வீட்டில் விசாரித்தபோதே அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். "அது கடைப் பொட்டியிலயே கெடக்கட்டும். இந்த வாசப்படி ஏறக் கூடாது." நைனா தலையாட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

துப்பாக்கிக் கடையில் யூசுப் பாய் மூன்று சாமான்களைக் கண்ணாடி மேல் பரப்பினாராம். முதலாவது பிஸ்டல். தட்டையாக, காலோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் சுடுவதற்கு முன் அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒட்டவைத்த மணிக்கட்டு அதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது நீளக் குழல் ரிவால்வர். அதைக் காலில் கட்டினால் முட்டியை மடக்கவே முடியாது. மூன்றாவது குட்டைக் குழல், ஆறு குண்டு, அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் குண்டு போடுகிற உருளை மட்டும் தொப்பை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. தன் ஜாடையில் இருந்ததால் எடுத்தாரோ என்னவோ.

"இடுப்புல வச்சிக்குங்கண்ணே. கால்ல கட்னா அவசரத்துக்கு எடுக்க வராது."

"இடுப்புல வச்சா என் பொஞ்சாதி பாத்துடுவா பாய்."

"திருடனுக்குத் தெரியாம ஒளிக்கிறவங்களப் பாத்துகீறேன். நீங்கதான் பொஞ்சாதிக்குத் தெரியாம ஒளிக்கிறீங்க."

அடுத்தது உறை. முதலில் வாங்கியது நைலான். பட்டையைப் பிரித்தால் பர்ரென்று சத்தம், ஒட்டுத் துணி கிழிகிற மாதிரி. இரண்டாவது தோல். சத்தம் இல்லை, ஆனால் கணுக்கால் எலும்பைச் சுரண்டியது. மூன்றாவதில் உள்பக்கம் கம்பளி மெத்தை, சரிந்து விழாமல் இருக்க முட்டிக்குக் கீழே இன்னொரு பட்டை. வலது கையால் எடுக்க வேண்டும் என்பதால் இடது காலின் உள்பக்கம் கட்டிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினால் ஊரே பார்க்கும். அதனால்தான் பேண்ட்.

"பாட்டம் எவ்ளோ வெக்கிறது?" என்று டெய்லர் கஜபதி கேட்டிருக்கிறார்.

"பூனை ஒண்ணு உள்ள போயி வெளிய வரணும்."

எங்களுக்குத் தெரிந்தது வேறு. நைனா இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தார். சம்மணம் போட்டு உட்காருவதை விட்டுவிட்டார். அம்மா வாதம் என்றே முடிவு கட்டி, "காலைக் காட்டுங்க, தைலம் தேய்க்கிறேன்" என்று கிண்ணத்தோடு வந்தால், அந்த வாதக்கால் மாடிப்படியில் ஓட்டமாக ஏறியது.

புரட்டாசியில் எனக்குப் பதினெட்டு முடிந்தது. பிறந்தநாள் காலையில் நைனா கடைக்குக் கிளம்பி நின்றார். விழுந்து கும்பிடு என்றார்கள் அம்மா. வருஷா வருஷம் நான் அவர் காலில் விழுவது ஆசீர்வாதத்துக்காக மட்டும் இல்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கால் ஓரத்தில் கிச்சுகிச்சு மூட்டுவேன். "நல்லா இரு" என்று ஆரம்பிக்கிற வாய் "அய்யய்ய"வில் முடியும். இந்த வருஷமும் அவர் சுதாரிப்பதற்குள் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்தேன்.

இடது கை இரும்பில் பட்டது.

நிமிர்ந்தேன். நைனா கையில் அட்சதை இருந்தது, போடவில்லை. அவர் கண் என்னிடம் இல்லை, அம்மாவிடம் இருந்தது.

"இன்னாடி, அங்கியே தூங்கிட்டியா?"

"நைனா கால்ல பாண்டேஜ் கட்டிகினு கீறாருமா. நரம்பு சுருட்டிக்கிச்சாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா தேய்ப்ப," என்றார் நைனா. அட்சதை என் தலையில் மொத்தமாக விழுந்தது.

அன்று சாயங்காலம் நானே கடைக்குப் போய்விட்டேன். ஷட்டரை இறக்கிவிட்டு, யூசுப் பாய், கஜபதி, மூன்று உறை எல்லாவற்றையும் நைனா சொன்னார். குண்டு இல்லாமல் குனிந்து எடுத்துப் பழகும்போது முட்டி பிடித்துக்கொண்டு, கல்லாவைப் பிடித்து எழுந்ததையும் சொன்னார்.

"அப்போ திருடன் வந்தா, 'கொஞ்சம் இரு மச்சான், பேண்ட்டைத் தூக்கிக்கிறேன்'னு சொல்லுவியா நைனா?"

"சிரி, சிரி. அம்மாகிட்ட மட்டும் மூச்சு வுடாத."

"பயமா கீதா உனக்கு?"

"பயமா? எனக்கா?" என்று வெளியே வந்து ஷட்டரைப் பூட்டி, பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஷேர் ஆட்டோவில் இறங்கி எங்க சந்துக்குள் நடந்தோம். இருட்ட ஆரம்பித்திருந்தது. பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தது. நைனா அப்படியே நின்றுவிட்டார். குனியவில்லை. காலில் அரைக்கிலோ இரும்பு இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஒட்டவைத்த அந்தக் கையால் என் கையைப் பிடித்தார். எனக்கு வலித்தது.

பைக்கில் வந்தது ஹோட்டல் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன். புது அபார்ட்மெண்டுக்கு வழி கேட்டான்.  நான்தான் வழி சொன்னேன்.

பைக் போய்விட்டது, நைனா பிடியை விடவில்லை. எனக்கு நாக்கு நுனியில் கிண்டல் ஏழெட்டு வரிசையில் நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. அவர் வேகத்துக்கு நானும் மெதுவாக நடந்தேன்.

"என் கை நடுங்குது இல்ல?" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"லைட்டா."

"ஒரு வருசமா டெய்லி இந்த எடத்துல நடுங்குது."

வீட்டில் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். நைனா நேராகச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். என் கை இன்னும் அவரிடம்தான் இருந்தது.

"ராணி, கையக் கழுவிட்டு வா. ஒண்ணு சொல்லணும்."

"பெரிய விசயமா?"

"பெரிசுதான்," என்றார் நைனா. "சொல்லி முடிக்கிற வரைக்கும் கடையப் பத்திப் பேசாத."