பெரணிக்குச் சுகமான இடம்

"டீச்சர், பை அங்கயே இருக்கட்டும். நீங்க கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க."

டீச்சர், தேய்த்த துணியை வாங்கிக்கொண்டு போக வந்தவர். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. இருந்தாலும் இஸ்திரிக்காரர் கை காட்டிய இடத்தில், சுவர்த் தட்டுக்கும் மேசைக்கும் நடுவே, போய் நின்றார். தட்டில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு பெரணிச் செடி. முகம் செடியின் உயரத்துக்கு வர வேண்டும் என்று டீச்சரைச் சற்றுக் குனியவும் சொன்னார் மனிதர்.

"வேர்க்குதா?"

"இல்லங்க."

"குளிருதா?"

"அதுவும் இல்ல."

"எனக்காகச் சொல்லக் கூடாது. உள்ளதச் சொல்லணும்."

"நல்லா இருக்குங்க. மொதல்ல என் துணியக் குடுங்க!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போன வாரம் அந்த பேங்க் வாட்ச்மேன் குளிருதுன்னாரு. நம்பி செடிய உள்ள தள்ளி வச்சேன். அப்புறம் பாத்தா மனுஷன் காய்ச்சலோட வந்திருக்காரு! இதெல்லாம் மொதல்லயே சொல்ல வேணாமா?"

இந்தச் சலவைக் கடைக்குத் துணி போடுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. சிலர் கேட்பதற்கு முன்பே தட்டுப் பக்கம் போய் நின்று, "இன்னைக்குக் கொஞ்சம் புழுக்கம்தான்" என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் பையைத் திறக்கிறார்கள். எங்கேயாவது மாடிப்படி ஏறி இறங்கி வந்தவர் சொல் செல்லாது. வெயிலில் நடந்து வந்தவர் ஒரு டீ குடித்து ஆறிய பிறகுதான் சாட்சி. பருமனானவர் வேர்க்கிறது என்றால் பாதிதான் கணக்கு. சாட்சியம் வந்ததும் தொட்டி ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும், அல்லது கடைக்கதவு ஒருக்களித்துத் திறக்கும்.

பக்கத்து மருந்துக்கடை அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். "அண்ணே, சொவத்துல மாட்டுற தெர்மாமீட்டர் எங்கிட்டயே இருக்கு. ஒண்ணு மாட்டிட்டுப் போங்களேன்."

"கண்ணாடிக் குழாய்க்கு வேர்க்குமா? வேர்க்கறவங்களத்தான கேக்கணும்" என்பார் இவர். பதில் சொல்வதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

அப்படியானால் தன்னையே கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் கதை இருக்கிறது.

இஸ்திரிக்காரர் ஒல்லி. முழங்கைக்குக் கீழே ரோமம் கிடையாது, ஆவி தின்றுவிட்டது. முப்பது வருஷமாகக் காலை முதல் மாலை வரை ஆவி கக்கும் பிரஸ் மெஷினுக்கு எதிரில் நிற்கிறார். இஸ்திரிப் பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் தண்ணீர் தெளிப்பார்கள். இவர் புறங்கையை வைத்துப் பார்ப்பார். டீக்கடைக்காரர் கொண்டுவரும் டீயை நாம் ஊதி ஊதி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "என்னப்பா, பழைய டீயா? ஆறிப் போயிருக்கு" என்பார். வாசலில் நல்ல காற்று அடித்தால் எல்லாரும் முகத்தை நீட்டுவார்கள், இவர் தும்முவார். ஊரே விசிறிக்கொண்டு கிடக்கிற காலத்தில்கூட மாலையில் கடையை மூடிவிட்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான்.

"சூடும் நானும் கூடப் பொறந்ததுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமைதான் செடிக்கு எமனாக வந்தது.

செடி அவருடையதல்ல, அவரைக் கட்டிய வீட்டுக்காரம்மாவுடையது. கடைக்கு மேலேதான் வீடு. வீட்டிலேயே கொஞ்சமாவது குளிர்ச்சியான மூலை குளியலறை மாடம். அங்கே வைத்து, யாரோ கிள்ளிப் போட்ட ஒரு துண்டு வேரிலிருந்து அதை ஆளாக்கியவர் அந்த அம்மா. "பூக்காது, காய்க்காது. இதுக்குப் போய் இவ்வளவு சீராட்டா?" என்று இவர் கேலி செய்யாத நாள் இல்லை. "பூத்துக் காய்ச்சாத்தான் சீராட்டணும்னா உங்கள எதுக்குச் சீராட்டறேனாம்?" என்று அந்த அம்மாவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த அம்மாவின் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பஸ் ஏறும்போது புருஷனுக்குச் சொன்னதெல்லாம் செடியைப் பற்றித்தான்.

"ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. மனுஷனுக்கு எது சுகமோ அதுதான் அதுக்கும் சுகம். மண்ணு காயாமப் பாத்துக்குங்க. மத்தபடி நீங்க சும்மா இருந்தாலே போதும்." பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அதுக்கு ஏதாவது ஆச்சு, நான் அக்கா வீட்லயே இருந்துக்குவேன்!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் இஸ்திரிக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சும்மா இரு என்றால் இருக்கிற ஆளா அவர்? அன்றைக்கே தொட்டியைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். "கண்ணு முன்னால இருந்தாத்தான் நல்லது." எங்கே வைப்பது? மனுஷனுக்குச் சுகமான இடத்தில். கடையிலேயே சுகமான இடம் எது? அதில் என்ன சந்தேகம்! பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில், அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில் வைத்தார். இதமாக, கதகதப்பாக, அவருக்குத் தூக்கமே வரும் இடம்.

சில நாட்களில் இலை நுனிகள் பழுத்தன. பெட்டி ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டால் வெள்ளைச் சட்டையில் விழுமே ஒரு பழுப்பு, அச்சாக அதே பழுப்பு. வாழ்நாள் முழுக்க அந்தக் கறைக்குப் பயந்து வாழ்ந்த மனிதருக்கு அது கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை. "பாவம், குளிர் தாங்கல போல" என்று தொட்டியை மெஷினுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளி வைத்தார்!

தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் கேள்வி: "செடி எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு. உன் அக்கா எப்படி இருக்காங்க?"

"தேவலாம். இங்க காத்து நல்லா வருதுங்க. படுத்தா உடனே தூக்கம் வந்துடுது."

காற்றும் தூக்கமும் ஒரு பேச்சா என்று இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா பாதிக்கு மேல் கருகியிருந்தார்.

உண்மையைப் போட்டு உடைத்தது மருந்துக்கடை அக்கா. சில்லறை கேட்டு வந்தவர் மெஷின் பக்கம் இரண்டு எட்டு வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அய்யோ அண்ணே, இது கடையா அடுப்பா? அந்தச் செடிய ஏன் போட்டு வறுக்கறீங்க?"

"வறுக்கறேனா? இங்க என்னம்மா சூடு? கதகதன்னு எவ்வளவு சுகமா இருக்கு!"

"உங்களுக்கு சுகம்ண்ணே. நீங்க என்ன மனுஷனா?"

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் இஸ்திரிக்காரர் விடவில்லை. வாசலில் போன டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். அவருக்கும் வேர்த்தது. கோட்டு வாங்க வந்த வக்கீலை நிறுத்தினார். வக்கீலுக்குச் சட்டையே நனைந்தது. "என்ன இது, ஊருக்கே ஒடம்பு சரியில்லையா?" என்று ஒரு கடைசி முறுக்கு முறுக்கிப் பார்த்தார். பிறகு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். தோற்றுப் போனவர் மாதிரியெல்லாம் நடக்கவில்லை. வேறு ஒரு வேலையை ஆரம்பிக்கிறவர் மாதிரி நடந்தார்.

அன்றிலிருந்துதான் இந்தச் சாட்சி விசாரணை. தன் தோலை நம்பக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார், அதையும் ஏதோ பட்டம் வாங்கியவர் போலத்தான் சொல்லிக்கொண்டார்: "என் ஒடம்பு கணக்குல வராதுங்க. அது தனி ரகம்." கருகிய இலைகளைக் கத்தரித்தார். ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வைத்தார். மெஷின் ஓடும் நேரத்தில் கதவோரம், மெஷின் அணைந்த பிறகு சுவரோரம். டீச்சரும் வக்கீலும் ஒரே நாளில் ஒரே இடத்தை "நல்லா இருக்கு" என்றபோது, அந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்தார்.

கடைக்கு விடுமுறை நாள் வந்தது. செடி மாடிக்குப் போக வேண்டும். மாடியில் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? மருந்துக்கடை அக்காவைக் கூப்பிட்டார். அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஏறி வந்தவர் சாட்சி செல்லாது அல்லவா, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் அக்காவுக்கு வேர்வை தீரவில்லை. கழுத்து, நெற்றி, மேலுதடு எல்லாம் பூத்திருந்தது. நேற்று வரை கீழேயிருந்து ஏறிய கடைச்சூடு இன்னும் ஆறாமல் தரை காய்ந்துகிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தியது மட்டுமில்லை, குடிவந்த வருஷமே குளிர்காற்று வருகிறதென்று இடுக்கெல்லாம் துணி அடைத்து, மேலே பெயின்ட்டும் அடித்துவிட்டார் இவர்.

"கோச்சுக்காதீங்கண்ணே. செடிய இங்க வைக்காதீங்க" என்றார் அக்கா. பீரோவின் மேல், தேய்த்து மடித்த சட்டைக்குள் வைக்கும் அட்டைகள் நாலைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார். அட்டையின் ஒரு மூலை மட்டும் விரல் பட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருந்தது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணி இதுக்குள்ள எப்படிண்ணே படுத்துத் தூங்குவாங்க?"

"அவளுக்கு எப்பவுமே வேர்க்கும்" என்று சொல்ல இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிற பதில். "உள்ள அடுப்பு எதாவது எரியுதா?" என்று அந்த அம்மாவைக் கேலி செய்து பழகிய வாய். திறந்த வாய் அப்படியே நின்றது. டீக்கடைக்காரருக்கு வேர்க்கிறது. வக்கீலுக்கு வேர்க்கிறது. அக்காவுக்கு வேர்க்கிறது. ஒரு செடிக்காக ஊரில் உள்ள அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டாயிற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது. அக்கா இறங்கிப் போனதும் அந்த அட்டையின் தேய்ந்த மூலையைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

வீட்டுக்காரம்மா ஒரு மத்தியானம் வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் நேரே செடியிடம் போனார். செடி ஜன்னல் திண்டில் இருந்தது. பழைய இலைகள் நாலைந்துதான் மிச்சம். நடுவில் பாசிப்பச்சையாகப் புதுச் சுருள்கள் தலை தூக்கியிருந்தன. பார்த்த கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கருக்கிட்டீங்கல்ல? ராஜா மாதிரி இருக்குன்னீங்களே?"

"நடுவுல கொஞ்ச நாள் ராஜ்யம் இல்லாம இருந்தாரு. இப்பப் பாரு, பட்டாபிஷேகம்!"

அந்த அம்மா சிரித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை பீரோ மேல் அட்டையைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கதவு திறந்திருந்தது. மறு கதவைச் சுற்றியும் பெயின்ட் சுரண்டப்பட்டு மரம் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மப்ளரும் சுற்றிக்கொண்டு எதிரில் நின்றார் புருஷன்.

"வேர்க்குதா?" என்று கேட்டார்.

அவர் அதை அந்த அம்மாவிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா அவர் மப்ளரைப் பார்த்தார். கண் கலங்கியது. "உங்களுக்குக் குளிருதேங்க" என்றார்.

"என் ஒடம்பு கணக்குல வராது. நீ உள்ளதச் சொல்லு."

"இன்னும் துளி காத்து வந்தா நல்லாத்தான் இருக்கும்."

இஸ்திரிக்காரர் மப்ளரைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தொட்டியை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டு, ஜன்னலின் மறு கதவையும் விரியத் திறந்தார்.