மூன்றாம் நம்பர் துப்பாக்கி

செஞ்சி தாலுகா கஜானாவுக்குக் காவல் இருந்த நான்கு போலீஸ்காரர்களில் நானும் ஒருவன். யுத்தம் நடந்த காலம். எங்களிடம் நான்கு துப்பாக்கிகள் இருந்தன. அவற்றைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, கழற்றி மாட்டுவது எல்லாம் என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. வேறொருவன் தொட்டால் எனக்குப் பிடிக்காது.

அதில் மூன்றாம் நம்பருக்கு போல்ட்டின் தலை உடைந்துபோனது. போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. பின்னால் இழுத்தால் திறக்கும். முன்னால் தள்ளிப் பிடியை மடக்கினால் தோட்டாவுக்குப் பின்னால் இறுக்கி அடைத்துக்கொள்ளும். அதன் முனையில் திருகி மாட்டியிருக்கும் துண்டைத்தான் தலை என்போம். ஜில்லா ஆபீசுக்கு எழுதிப் போட்டு, ஒன்றரை மாதம் கழித்துப் புதுத் தலை வந்தது. மாட்டினேன். போல்ட் மூடவில்லை. பிடி பாதி வழியில் நின்றுவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. நான்கு துப்பாக்கியும் தேறினால் எனக்குப் பத்து நாள் லீவு என்று ஏட்டு சொல்லியிருந்தார். குடியாத்தத்தில், மாமனார் வீட்டில், எனக்குப் பெண் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. நான் போய்த்தான் பெயர் வைக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். என் அம்மாவின் பெயரை வைப்பதாக நான் முடிவு செய்திருந்தேன். அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். மூடவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தேன். குழலுக்குள் அழுக்கு இருக்கிறதா என்று துணி விட்டு இழுத்துப் பார்த்தேன். உடைந்த பழைய தலையையே திரும்ப மாட்டினால் சனியன் ஒழுங்காக மூடியது! அப்புறம் என்ன, குற்றம் புதுத் தலையில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"இன்னாப்பா, இன்னுமா மூடல?" என்றார் ஏட்டு.

"மூடல ஏட்டையா. எவனோ அரத்தூக்கத்துல செஞ்சிருக்கான் இத."

"அப்ப உன் லீவு?"

அந்தக் கேள்வி போதாதா? சைக்கிள் கடையில் ஓர் அரம் இரவல் வாங்கிவந்து, காவல் அறை வாசலில் உட்கார்ந்து ராவ ஆரம்பித்தேன். நல்ல எஃகு. அரம் வழுக்கியது, விரல் தோல் போனது. எதிரே ராஜகிரிப் பாறை வெயிலை வாங்கி எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பகல் முழுக்க ராவினேன், மாட்டினேன், கழற்றினேன், திட்டினேன். யுத்தத்தைத் திட்டினேன், ஜில்லா ஆபீசைத் திட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் போல்ட் மூடியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மிச்சமிருந்தது துடைப்பது ஒன்றுதான். ஆயுத பூஜை அன்று துப்பாக்கிகளுக்கு வைத்த சந்தனப் பொட்டை அழிக்க ஏட்டு விடவே மாட்டார். அழியப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் மேலே புதிதாக ஒன்று வைத்துவிடுவார். அதிகாரி வருகிறார் என்பதால் அன்றைக்கு அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தொடச்சுடுப்பா" என்றார்.

ஈரத்துணியால் போல்ட்டின் பிடியடியைத் துடைத்தேன். அப்பியிருந்த சந்தனம் போய், எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று போல்ட்டில் வெட்டியிருந்த நம்பர் தெரிந்தது. இரண்டு. துப்பாக்கியின் மேல் மூன்று. இரண்டாம் நம்பர் துப்பாக்கியை எடுத்துத் துடைத்தேன். அதன் போல்ட்டில் மூன்று.

ஆயுத பூஜைக்காக நான்கு போல்ட்டையும் உருவி வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தோம். பூஜை முடிந்ததும் மாட்ட வந்தவர்களை, "உங்களுக்கெல்லாம் தெரியாது, போங்க" என்று விரட்டிவிட்டு மாட்டியவன் நான். தேய்ந்த தலையோடு இருந்தவரை மாறிப்போனது தெரியவில்லை. புதுத் தலை, இது தன் வீடு இல்லை என்று சரியாகவே முரண்டு பிடித்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மாற்றிப் போட்டேன். மூன்றாம் நம்பர் வெண்ணெய் மாதிரி மூடியது. இரண்டாம் நம்பர் மூடியது, ஆனால் நான் ராவிய தலை உள்ளே லொடலொட என்றது. சுட்டால் தோட்டா பின்பக்கம் வெடித்து, சுடுகிறவன் முகத்தில் அடிக்கும். இப்படி வைத்தால் நம்பர் ஒட்டவில்லை, அப்படி வைத்தால் போல்ட் ஒட்டவில்லை. ராவாமல் இருந்திருந்தால் இரண்டும் ஒட்டியிருக்கும்.

"திரும்பப் பொட்டு வெச்சி வுட்டுடலாமா?" என்றார் ஏட்டு, பாவம்.

"அவரு மொதல்ல பாக்கறதே நம்பரதான் ஏட்டையா."

திங்கட்கிழமை நானே சொன்னேன். இரண்டாம் நம்பரைத் தள்ளி வைத்தார்கள். வேறு தலை வந்து, நான்கும் தேறும்வரை எனக்கு லீவு இல்லை என்றார் அதிகாரி. அது வர இன்னும் இரண்டரை மாதம் ஆனது. நடுவில் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் பெயர் வைத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அது என் மாமியாருடைய அம்மாவின் பெயர்.

கடைசியில் போனேன். குழந்தை பாயில் குப்புறப் படுத்து ஒரு மரச்செப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் அம்மாவின் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டேன். செப்பைக் கடித்துக்கொண்டே இருந்தாள். கார்டில் வந்த பெயரைச் சொன்னேன். உடனே திரும்பிப் பார்த்தாள்.