சாவி கொடுத்த கை

கோட்டைப்பட்டினத்தில் சேக் அலாவுதீனைப் போல வீடு கட்டிக் கொடுத்த ஆளும் கிடையாது, அவரைப் போல வாடகை வீட்டில் கிடக்கிற ஆளும் கிடையாது. அவர் கொத்தனாரும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை. இரண்டு தங்கைகளுக்கு அண்ணனாகப் பிறந்தார், அவ்வளவுதான்.

அந்தக் கரையோரத்தில் பல குடும்பங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே ஒரு வீட்டையும் கொடுக்க வேண்டும். நகை, சீர் எல்லாம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டைப் பற்றி மட்டும் பேரமே கிடையாது. மாப்பிள்ளை வந்து வாழ்கிற வீடு பெண்ணுடையதாக இருந்தால், நாளைக்குச் சண்டை என்று வந்தாலும் வாசலைத் தாண்ட வேண்டியவன் அவன்தான் என்று பெரியவர்கள் நியாயம் சொல்வார்கள். நல்ல நியாயம்தான். அந்த வீட்டைக் கட்டுகிறவனின் முதுகெலும்பைப் பற்றித்தான் நியாயத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

மீசை சரியாக முளைக்காத வயதில் சவூதிக்குப் போனார் அலாவுதீன். தம்மாமில் கார் கழுவினார், பிறகு தண்ணீர் லாரி ஓட்டினார். மூத்த தங்கைக்குப் புது வீடு கட்டினார். இளையவளுக்குக் கட்டுவதற்குள் சிமெண்டு விலை ஏறிவிட்டது. தகப்பனார் விட்டுப்போன வீட்டையே இடித்துக் கட்டி அவளுக்கு விட்டுக்கொடுத்தார். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று மனைவி ஹவ்வா உம்மாள் ஒரே ஒரு முறை போனில் சொல்லிப் பார்த்தாள். ஊர் அவரை மெச்சியது. மெச்சுவதற்குக் காசா, பணமா!

சர்க்கரை வியாதியும் இரண்டு சூட்கேசுமாக அவர் ஊர் திரும்பியபோது மகள் நாஜியாவுக்குக் கல்யாண வயது வந்து, தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. பி.காம். முடித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் டீ குடிப்பார்கள், இறால் வைத்துச் சுட்ட வாடாவை எடுத்துக் கடிப்பார்கள், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்பார்கள். எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர், "இது சொந்த வீடுங்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வராது. நாஜியா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவள் அழுதிருந்தால்கூட அலாவுதீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

அந்த நாளில்தான் அன்வர் பாட்சாவின் வீட்டுச் சுவரில் வங்கிக்காரர்கள் ஏல நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அன்வர் பாட்சாவும் அலாவுதீனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்வருக்கு ஒரு விசைப்படகு இருந்தது. கஜா புயலில் அது கரையில் கிடந்த மற்றப் படகுகளோடு மோதிப் பலகை பலகையாகப் போயிற்று. வீட்டை அரசுடைமை வங்கி ஒன்றில் அடமானம் வைத்து இன்னொரு படகு வாங்கினார். அது கடலுக்குப் போன நாளைவிடப் பட்டறையில் கிடந்த நாள்தான் அதிகம். தவணை நின்றது. பிறகு அன்வரின் மூச்சும் நின்றது. வீட்டில் அவருடைய ஒரே மகள் ஃபர்ஹானா இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். அவள் புருஷன் முகமது ரபீக் மலேசியாவுக்குப் போனவன், போனவன் போனவன்தான்.

அந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பக்கத்து வீடு ஏலத்துக்கு வந்தால் உள்ளூர்க்காரன் கேட்கக் கூடாது. மௌத்து விழுந்த வீட்டில் விருந்து தேடுகிற மாதிரி அது. அலாவுதீனுக்கும் அது தெரியும். ஆனால் சவூதிக் கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்துக்கும் ஹவ்வா உம்மாளின் கழுத்தில் இருந்ததற்கும் ஊருக்குள் வேறு வீடு கிடைக்காது என்பதும் தெரியும். ஏலத்தில்தான் விலை மலிவு. நாம் எடுக்காவிட்டால் எவனோ வெளியூர்க்காரன் எடுக்கத்தான் போகிறான் என்று சொல்லிக்கொண்டார். மனசாட்சிக்கு இதைவிடச் சௌகரியமான தலையணை கிடையாது.

அறந்தாங்கிக்குப் பஸ் ஏறி வங்கிக்குப் போனார். ஏலத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி புவனேஸ்வரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"வில்லங்கம் ஏதும் இல்லீங்களே மேடம்?"

"சான்றிதழ் போட்டுப் பாத்தாச்சுங்க சார். பத்திரம், வீட்டு வரி எல்லாமே அன்வர் பாட்சா பேர்லதான் இருக்கு. ஆனா உள்ள ஆளு இருக்காங்க. உள்ளது உள்ளபடிதான் நாங்க விப்போம். அப்பறம் அது இதுன்னு எங்கள வந்து கேக்கக் கூடாது." ஃபைலை மூடிவிட்டு, "நீங்க அந்த ஊருதானே? வேற யாருக்கும் அதுல பாத்தியதை இருக்கறதாக் கேள்விப்பட்டீங்களா?" என்றார்.

"எனக்கு என்னங்க தெரியும், நான் பாதி நாளு வெளிநாட்டுலயே கெடந்தவன்" என்றார் அலாவுதீன்.

ஏலம் கம்ப்யூட்டரில் நடந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த கவியரசன்தான் அவருக்காகப் பட்டனை அமுக்கினார். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. "ஒங்களுக்கே அடிச்சிருச்சுங்க பாய்! ஸ்வீட் எங்க?" என்றார் கவியரசன். அலாவுதீன் ஒரு டீகூட வாங்கித் தராமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

செய்தி ஊருக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பள்ளிவாசலில் சலாம் சொன்னார்கள், பதில் சொன்னார்கள். தொழுகை முடிந்ததும் கூடி நின்று பேசுகிற கூட்டத்தில் மட்டும் அவருக்கு இடம் குறைந்துபோயிற்று. ஆனால் சொந்த வீடு என்று தெரிந்ததும் அம்மாபட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் தானாக வந்தது. மாப்பிள்ளை மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். வீடு கைக்கு வந்ததும் நிக்காஹ் என்று பேச்சு.

ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது ஃபர்ஹானா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹவ்வா உம்மாள் கொடுத்த டீ அவள் முன்னால் ஆறிப்போயிருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதற்குத் தயாராகத்தான் எதிரே உட்கார்ந்தார் அலாவுதீன்.

"மாமா, மதுரையில கேஸ் போட்டிருக்கேன்" என்றாள். "வக்கீல் சொல்றாரு, நிக்காஹ் அன்னைக்கு எங்க அத்தா இந்த வீட்ட வாய்ச்சொல்லாக் குடுத்திருந்தாலும் அது குடுத்ததுதானாம். அதுக்கப்பறம் அத்தா வச்ச அடமானம் செல்லாதாம். ஆனா பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லணுமாம். நிக்காஹ் ஓதுன ஹஜ்ரத்தும் நீங்களும்தான் அப்பக் கிட்ட நின்னீங்க. ஹஜ்ரத் மௌத்தாயிட்டாங்க. நீங்கதான் இருக்கீங்க."

அலாவுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க வாங்குனதுல எனக்குக் கோவம் இல்ல மாமா. மொதல்ல அழுதேன், பொய் சொல்லல. அப்பறம் நெனச்சேன், வெளியூர் ஆளா இருந்தா அவங்களுக்கு என்ன தெரியும்? மாமாவுக்கு எல்லாம் தெரியுமே, போய்க் கேட்டாச் சொல்லிருவாங்கன்னு. அந்த நெனப்புலதான் ரெண்டு நாளாத் தூங்குறேன்."

அவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அவர் லீவில் வந்திருந்தார். நிக்காஹ் ஓதி முடித்ததும் அன்வர் பாட்சா வீட்டுச் சாவியைச் சர்க்கரைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மகளிடம் நீட்டப் போனவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "மச்சான், நீயே குடுத்துரு" என்று தாம்பாளத்தை அலாவுதீன் கையில் திணித்தார். ஹஜ்ரத் அருகே நின்றார். பெண்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் சர்க்கரைக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்தா ஆத்தா, இனிமே இந்த வீடு ஒன்னோடது, ஒங்க அத்தா குடுக்கச் சொல்றாரு" என்று சொல்லிச் சாவியை அவள் மருதாணிக் கையில் வைத்தவர் அலாவுதீன்தான். அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கலாம் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் எழுதி வாங்குவதில்லை. தகப்பனிடம் எழுத்துக் கேட்பது தகப்பனை நம்பாததாகிவிடும். சபையில் சொன்ன சொல்லை யார் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்?

அவருக்கு நாஜியாவின் நினைப்பு வந்தது. சாட்சி சொன்னால் வீடு போகும். கட்டிய பணத்துக்கு வங்கிக்குப் பின்னால் எத்தனை காலம் அலைய வேண்டுமோ. அம்மாபட்டினத்துக்காரர்கள் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் யாராவது வந்து டீ குடித்துவிட்டு, இது சொந்த வீடுங்களா என்று கேட்பார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார்.

ஃபர்ஹானாவுக்குப் புரியவில்லை. "சாவி மாமா. நீங்கதானே என் கையில..."

"கூட்டமா இருந்துச்சு. எத்தனையோ நிக்காஹுக்குப் போயிருக்கேன். யாரு எதக் குடுத்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா."

அடுப்படியில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. ஃபர்ஹானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "சரிங்க மாமா" என்றாள். வாசலில் செருப்பைத் தேடுவதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

சாட்சி இல்லாத கேஸ் எத்தனை நாள் நிற்கும்? தள்ளுபடியானது. வீட்டைக் கைப்பற்றித் தர வங்கிக்காரர்கள் தாலுகா ஆபீஸ் ஆட்களையும் போலீசையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, உடைப்பதற்குப் பூட்டே இல்லை. ஃபர்ஹானா சாமான்களை முதல் நாளே ஏற்றிவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டு, பிள்ளைகளோடு வாசலில் நின்றிருந்தாள். தரை இன்னும் ஈரம் காயவில்லை. சின்னவள் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தாள். அதிகாரி சாவிக்குக் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி அலாவுதீனிடம் வந்து, அவருடைய வலது கையில் சாவியை வைத்தாள்.

"இந்தக் கையிலருந்துதான் வந்துச்சு" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அலாவுதீனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. பூமி யாருக்காகவும் பிளப்பதில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார்.

ஃபர்ஹானா ஜெகதாப்பட்டினத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டார். ஹவ்வா உம்மாள் அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பேசவில்லை. புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஜன்னல் கட்டையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. பெயிண்டர் பிச்சைமுத்து, "இத அழிச்சிரவாங்க?" என்று கேட்டார். அலாவுதீன் வெளியே போய் நின்றுகொண்டார்.

நிக்காஹுக்கு முதல் நாள் நாஜியாவைக் கூப்பிட்டார். சபையில் சாவி கொடுக்கிற தெம்பு அவருக்கு இல்லை. ஊரில் யார் பக்கத்தில் வந்து நிற்பார்கள்? அதனால் வீட்டுக்குள்ளேயே, ஹவ்வா உம்மாளை மட்டும் வைத்துக்கொண்டு, தாம்பாளத்தில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டிச் சாவியை வைத்தார்.

"பத்திரமும் ஒம் பேருக்கே எழுதிட்டேன் ஆத்தா" என்றார். "யாரு சாட்சியும் ஒனக்குத் தேவைப்படாது."

நாஜியா தாம்பாளத்தைப் பார்த்தாள். கைகளில் மருதாணி இன்னும் காயாமல் இருந்தது.

"ஃபர்ஹானா அக்கா நிக்காஹுல நான் அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் அத்தா" என்றாள். "நீங்க குடுத்தப்ப சாவி அவங்க கையிலருந்து வழுக்குச்சு. நான்தான் கீழ விழாமப் புடிச்சேன். நீங்க சொன்னது மொத்தமும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அன்றைக்குச் சர்க்கரைக்கு முண்டியடித்த பிள்ளைகளுக்கு நடுவே தன் மகளும் இருந்தாள் என்பது அலாவுதீனுக்கு உண்மையிலேயே ஞாபகத்தில் இல்லை.

"அப்ப ஏன்மா நீ..." என்று தொடங்கினார்.

"அவங்க வந்தப்ப நான் உள்ள நோட்டுத் திருத்திக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய வந்து சொல்லியிருக்கலாம்." தட்டுகளைக் கழுவி அடுக்குகிறபோது இருக்கிற அதே முகம். "எனக்கும் கல்யாணம் ஆகணும்னு இருந்துச்சு அத்தா."

ஹவ்வா உம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்கிறோம் என்றுதான் அலாவுதீன் அதுவரை நினைத்திருந்தார். தன்னோடு மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய பொய்யை அவள் தலையில் ஏற்றி, அதில் குடியிருக்கச் சொல்லி அனுப்புகிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. தாம்பாளத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ள நினைத்தார். கை வரவில்லை.

நாஜியா மருதாணி கலையாமல் இரண்டு விரலால் சாவியை எடுத்துக்கொண்டாள்.