தடி ஊன்றிய எழுத்து

அப்பா ராமையா இறந்த ஆறாம் நாள் காஞ்சனா வேலைக்குக் கிளம்பினாள். மலேசியாவில், பாடாங் செராய் ஊருக்கு வெளியே, சீனர்களுக்குக் கல்லறைக் கற்கள் செய்துகொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை.

"காரியங்கூட முடியல. அதுக்குள்ள என்னக்கா அவசரம்?" என்றான் தம்பி சிவநேசன்.

"சீனவங்க கல்லறைக்குப் போற நாள் வருதுலா. கல்லெல்லாம் அதுக்குள்ள போயாகணும்."

சாவு வீட்டிலேயே அவள் அழவில்லை. "பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே" என்று யாரோ பின்னால் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. திரும்பி, அவர்களுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

ராமையா பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டியவர். கடைசி இரண்டு வருடம் ஞாபகம் போய்விட்டது. குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய மகளை ஆஸ்பத்திரித் தாதி என்று நினைத்து "மிஸ்ஸி" என்றே கூப்பிட்டார். ஆரம்பத்தில் அவள் திருத்தினாள். பிறகு, "என்ன தாத்தா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

காஞ்சனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சின்ன வயதில் வீட்டுக்கு எதிரிலேயே சீனப் பள்ளி இருந்ததால் ஆறு வருடம் அங்கே படித்தாள். அந்தப் படிப்புக்குத்தான் இந்த வேலை கிடைத்தது. எழுத்தை இயந்திரம் வெட்டிவிடும். கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பள்ளத்தில் தங்கச் சாயம் பூசுவது அவள் பொறுப்பு.

அன்று மதியம், பினாங்கிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் கல்லைப் பார்க்க வந்தார். அறுபது வயதிருக்கும். சீனர்தான், ஆனால் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், சீனம் வாசிக்கத் தெரியாது. மேலே இருந்த 考 என்ற எழுத்தைக் காட்டி மலாயில் கேட்டார்.

"இது பரீட்சைன்னு என் மக சொல்றா. எங்கப்பா கல்லுல பரீட்சை எதுக்கு?"

காஞ்சனாவும் பள்ளியில் அப்படித்தான் படித்திருந்தாள். வேலைக்கு வந்த புதிதில் அதே சந்தேகம் வந்து, அகராதியில் தேடிப் பார்த்திருக்கிறாள்.

"எலும்புல கீறி எழுதின காலத்துல இது ஒரு படம்," என்றாள். "நீள முடி வச்ச கிழவர் ஒருத்தர் தடி ஊனி நிக்கிறார். இந்தாங்க, கீழ வளையுதே, அதத் தடின்னு சொல்வாங்க. கிழவருக்கு உள்ள எழுத்தும் இதுவும் அப்போ ஒண்ணுதான். அப்புறம் இது அப்பாவுக்கு ஆச்சு. பின்னாடி, செத்துப்போன அப்பாவுக்கு மட்டும்னு ஆயிருச்சு."

"பரீட்சை?"

"தட்டிச் சோதிச்சுப் பாக்கிறதுக்குன்னு இதே உச்சரிப்புல வேற ஒரு எழுத்து இருந்துச்சு. அந்த அர்த்தமும் இதுல வந்து ஒட்டிக்கிச்சு."

அவர் அந்த வளைவில் விரலை வைத்தார்.

"நான் வாங்கிக் குடுத்த தடிய அவர் தொடவே இல்ல. குளியலறையில விழுந்துதான் போனார்."

சொல்லிவிட்டு நின்றபடியே அழுதார். காஞ்சனா டிஷ்யூ பெட்டியை எடுத்து நீட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், "உங்கப்பா இருக்காரா?"

"இருக்கார்."

வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. மாற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. உள்ளே ஏதாவது அசையும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அவர் போனதும் சாய டப்பாவைத் திறந்து, அந்தக் கல்லின் மேல்வரியிலிருந்து பூச ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லை லாரியில் ஏற்றும் நாளில் அவர் மறுபடியும் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"உங்கப்பாவுக்கு. கடிக்க முடியலன்னா நனைச்சுக் குடுங்க."

"சரி," என்று வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. சிவநேசன் பார்த்துவிட்டான்.

"யாருக்கா குடுத்தா?"

"அப்பாவுக்குன்னு ஒரு சீனர் குடுத்தாரு."

"அப்பா இல்லன்னு சொல்லலயா?"

"இல்ல."

சிவநேசன் எழுந்துபோய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன்.

காஞ்சனா தலையாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.