ரேகை வளர எடுத்த விடுப்பு

போன வாரம் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் என் செருப்பின் அடித்தோல் பிய்ந்துகொண்டது. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர் டப்பாவைத் திறந்து சொல்யூஷனை விரலால் வழித்துத் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஓரடி தள்ளி நின்றேன். அருவருப்பில்லை, பயம். பசை வாசனைக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானே எத்தனையோ வருஷம் அந்த வாசனையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவன்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவது வேலை. பேர் நீக்கவேண்டி வந்தால் சிவப்பு மையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். மற்ற கம்பெனிகளில் கையாலேயே கிறுக்கித் தள்ளுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வீட்டு டைரியிலும் இதே புத்திதான். பஸ் வந்த நேரம், மழை விட்ட நேரம், குழம்பில் உப்பு கூடிப்போனது எல்லாம் இருக்கும். “உங்க டைரிய ரெண்டு பக்கம் படிச்சா போதும், தூக்கம் தானா வருது” என்பாள் மனைவி.

பேஸ்டிங் மேசை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. பதினோரு பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத் தோல்களை ஒட்டுவார்கள். பிரஷ் கொடுத்திருந்தார்கள். பிரஷ்ஷில் தடவினால் ஓரத்தில் வழியும், பீஸைத் திருப்பி அனுப்புவார்கள் என்று எல்லோரும் விரலால்தான் தடவுவார்கள். காய்ந்த பசை கறுப்பாக விரலில் ஏறிவிடும். தோலின் ஓரத்தைச் சொரசொரப்பாக்க வைத்திருக்கும் எமரி பேப்பரால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு டீக்கு எழுந்து போவார்கள்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்துக்கு ஒருத்தி, முறை வைத்து, ஒரு நாள் விடுப்பு எடுப்பாள். மற்ற பத்துப் பேரின் ரேஷன் கார்டும் அவள் பையில் இருக்கும். கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும். சாயந்தரத்துக்குள் பதினோரு வீட்டுக்கும் அரிசி போய்ச் சேர்ந்துவிடும். “இன்னிக்கி ரேஷன் லீவு யாரு?” என்று கேட்டுத்தான் நான் பதிவேட்டையே திறப்பேன்.

பிறகு கடைக்கு மெஷின் வந்தது. கார்டில் பேர் உள்ளவரே நேரில் வந்து விரல் வைக்கவேண்டும். போலி கார்டுகளைப் பிடிக்கத்தான் என்றார்கள். போலிகள் இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. கூடவே, இந்த மாதக் கடைசிக்குள் ரேகை பதியாதவர்களின் பேரை எடுத்துவிடுவார்கள் என்று போனுக்குப் போன் ஒரு செய்தி பரவியது. அது உத்தரவா புரளியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது யாரும் அதைக் கேட்கக்கூட இல்லை, பதறி ஓடினோம்.

மேசையில் மூத்தவர் ஷகிலா அக்கா. அவர் கார்டில் இரண்டே பேர்: அவரும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட, அவர் ‘அம்மி’ என்று கூப்பிடும் அம்மாவும். அம்மாவைக் கட்டிலைவிட்டு நகர்த்த முடியாது. அந்த வீட்டு அரிசிக்கு அக்காவின் விரலைத் தவிர வேறு விரல் இல்லை.

“தம்பி, நாளைக்கி அரை நாள் பர்மிசன். வெரல பாரு, தாரு ரோடு மாதிரி கீது. மெஷின் ஏத்துக்குமா?”

“சுத்தமா தேய்ச்சிட்டுப் போங்கக்கா” என்று சொன்னவன் நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை. புது எமரி பேப்பரை ஸ்கேல் வைத்து இரண்டங்குலச் சதுரமாகக் கத்தரித்தும் கொடுத்தேன். அக்கா பத்து விரலையும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார்.

எனக்கும் அதே கடைதான். மறுநாள் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. “அடுத்த வெரலு” என்றார் கடைக்காரர். மறுபடி சிவப்பு. பத்தும் முடிந்தது.

“கால் வெரல வெச்சி பாரு ஷகிலா” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

கடைக்காரர் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். “கோடே இல்லியேம்மா. இன்னா பண்ணே?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் எடைத் தராசைப் பார்த்தேன்.

போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கலாம் என்றார் கடைக்காரர். கார்டில் இருந்தது எப்போதோ தொலைந்துபோன நம்பர். “அப்ப ஒண்ணுதான். ஒரு பத்து பதினஞ்சி நாளு கெமிக்கல்ல கைய வெக்காத. ரேகை தானா வளரும். மாசக் கடைசிக்குள்ள வந்துடு.”

எங்கள் கம்பெனியில் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பேர் நீங்கிவிடும். அது ஆர்டர் நெருக்குகிற சமயம், விடுப்பே கிடையாது. அக்கா இரண்டு நாள் விரல்களில் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டு வந்தார். ஒட்டியதெல்லாம் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் என் ஜன்னலில் வந்து நின்றார்.

“பேஜாரா கீது தம்பி. அம்மி கஞ்சி ஒண்ணுதான் குடிக்குது. அந்த அரிசியும் நின்னுட்சின்னா? நீ சொல்லித்தான தேய்ச்சேன். இப்பவும் நீயே சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்?”

நான் பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் அவர் பேருக்கு எதிரே வரவில்லை என்று குறித்தேன். மருத்துவ விடுப்பு என்று எழுதியிருக்கலாம். டாக்டர் சீட்டு எங்கே என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று பயம். எனக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த நாற்காலியை விட்டால் வேறு வேலை தெரியாது. பதினோராம் நாள் காலை மேனேஜர் பட்டியல் கேட்டார். ஸ்கேலை வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராக விழுந்தது.

அதற்கு மூன்றாம் நாள் அக்கா ரேஷன் பையோடு நேரே கம்பெனிக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “ஏத்துக்கிச்சி தம்பி! மொத வெரல்லயே பச்சை! அல்லா காப்பாத்திட்டாரு. நாளைலேர்ந்து வர்றேன்.”

அவர் இடத்தில் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்து விரலால் பசை தடவிக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவரே பார்த்துவிட்டார். அரிசிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “அந்தப் பொண்ணுக்காவது தேய்க்க வேணாம்னு சொல்லு” என்றார்.

அன்றைய டைரியில் மழை விட்ட நேரம் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ரேகை விழாதவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. அப்படி ஒரு வழி முதலிலிருந்தே இருந்தது என்றும் சிலர் சொன்னார்கள். அதைக் கேட்ட இரவுகளில் நான் சரியாகத் தூங்கவில்லை.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, இருந்த வேலையும் வேறெங்கோ போய், கம்பெனியை மூடி இரண்டு வருஷமாகிறது. மேசைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நின்று பார்த்தேன். போன மாதம் கடைக்காரரை பஸ்ஸில் பார்த்தபோது, இன்னும் மெஷின் தொந்தரவு கொடுக்கிறதா என்று கேட்டேன்.

“இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல சார்” என்றார். “உங்க கம்பெனி பொம்பளைங்க எல்லாருக்கும் மொத வெரல்லயே பச்சைதான்.”