உப்பு தெரிந்த நாக்கு

பத்தியம் இருந்து உயிர் பிழைத்தவன் நான். அப்படியிருந்தும் பத்தியம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். கேன்டீனில் எனக்கு எதிரே உட்காரும் சூப்பர்வைசர் ஒருவர், நாங்கள் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார். அரிசி ஆகாது, சர்க்கரை ஆகாது, எண்ணெய் ஆகவே ஆகாது. அவருடைய டிபன் கேரியரில் முளைகட்டிய பயறும் வேகவைத்த காயும் இருக்கும். காலையில் பாகற்காய்ச் சாறு, சாயங்காலம் கொள்ளுக் கஞ்சி. மனதில் உறுதி இருந்தால் எவனுக்கும் இது முடியும் என்பார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அந்தப் பாவக்கா சாறு யாரு சார் புழிஞ்சு தராங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊட்லதான்" என்றார்.

அப்படியானால் உறுதி யாருக்கு இருக்கிறது என்று அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சூப்பர்வைசரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

என் பத்தியம் அதற்குப் பல வருஷம் முந்தியது. எங்கள் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்குப் போகிற வழியில். நாங்கள் நெல் வைக்கிற குடும்பம். அறுபதுகளின் நடுவில் அந்த வீட்டில் நானும் என் மனைவியும், பேச ஆரம்பித்ததிலிருந்து வாயை மூடாத ஒரு சின்ன மகளும் இருந்தோம். ஒரு நாள் காலையில் எழுந்து வந்த என்னைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"இன்னாங்க, மூஞ்சி பன்னு மாதிரி கீது?"

நானும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். நாலைந்து நாளில் காலும் வீங்கியது. கட்டை விரலால் அமுக்கினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பொன்னேரியில் ஒரு டாக்டர் இருந்தார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது என் கண் முன்னாலேயே தயிர் மாதிரி வெளுத்துத் திரிந்தது.

"கிட்னி கெட்டிருக்கு. மருந்து தரேன், ஆனா மருந்து பாதிதான். உப்பு கூடாது. குறைச்சுக்கறது இல்ல, கூடவே கூடாது. மீறினா உன் பொண்ணு வளர்றதைப் பார்க்க நீ இருக்க மாட்ட" என்றார்.

உப்பு கூடாது என்று எங்கள் ஊர்க்காரனிடம் சொல்வது எளிது, செய்வது எப்படி? அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து வரும் வண்டி, தெருத் தெருவாகக் கூவி உப்பு விற்கும் ஊர் அது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோறு கூட இறங்கும். என் மனைவி அன்றைக்கே உப்புப் பானையை என் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினாள். எனக்கென்று தனிச் சட்டி வாங்கினாள். புளி, மிளகு, எலுமிச்சம்பழம் என்று எதையெதையோ போட்டு என்னை ஏமாற்றப் பார்த்தாள். முதல் வாரம் நான் தின்றது சோறா மண்ணா என்றே தெரியவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்திருப்பேன். அவள் மறுபடி நகர்த்தி என் முன்னால் வைப்பாள்.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வயல்காரரோடு வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை வந்தது. என் முறையில் அவர் மடையைத் திறந்துவிட்டார் என்று நான் கத்தினேன், என் முறை முடிந்துவிட்டது என்று அவர் கத்தினார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. வரப்பில் நின்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"யோவ், நீ சோத்துல உப்பு போட்டுத்தானே துன்றே?"

மானம் ரோஷம் இல்லையா என்று கேட்பதற்கு இதைவிடச் சூடான பேச்சு எங்கள் பக்கம் கிடையாது. வேறு நாளாக இருந்தால் கைகலப்பே ஆகியிருக்கும். எனக்கோ வாயில் நிஜம்தான் வந்தது.

"இல்லியே. டாக்டரு போடக் கூடாதுன்னுட்டாரு."

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள். ஒருத்தி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வரப்பில் நடந்து என் பக்கம் வந்து, வீங்கியிருந்த என் காலைப் பார்த்தார்.

"இன்னா நைனா, நெஜமாவா சொல்ற? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போ, ஊட்டுக்குப் போய்ப் படு. உன் வயலுக்கும் நான் தண்ணி கட்டிக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். அந்தப் போகம் முழுக்க என் வயலுக்கு அவர்தான் தண்ணீர் கட்டினார். முறைத் தகராறு அப்போதும் முடியவில்லை. என் சார்பாகவும் தன் சார்பாகவும் அவரே பேசி, தன் பக்கமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அதனால் என்ன, என் பயிர் ஒரு நாள்கூட வாடவில்லை.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் வீக்கம் வடியவில்லை. ஒவ்வொரு தடவையும் குழாயில் அதே வெள்ளை. மூச்சு வாங்கியது, படுத்தால் அடைத்தது. டாக்டருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லு. கருவாடு திங்கறியா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, வீங்கிய முகத்தோடு எழுந்து நின்று மகள் மேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. திரும்பி என் மனைவியைப் பார்த்தார். அவள், "அவரு துன்ல சார். நான் போடவும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தப்பு செய்து தண்டனை வந்தால் தாங்கிக்கொள்ளலாம். எல்லாம் சரியாகச் செய்தும் சாகப் போகிறோம் என்பதைத்தான் எங்களால் தாங்கமுடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கஞ்சி கரிக்க ஆரம்பித்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "சட்டி கிட்டி மாத்திட்டியா? உப்பு கரிக்குதே" என்றேன். அவள் கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள்.

"இதுல எங்கங்க உப்பு? சும்மா வெறுந் தண்ணி மாதிரிதான் கீது."

"கரிக்குதுன்றேன்."

"நோவுல நாக்கு மாறிப்போச்சுங்க."

அவள் அப்படித்தான் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மருந்து கேட்கவில்லை என்றானதும் மனைவி என்னைத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போனாள். அவள் பிறந்த வீடு அங்கே. அமாவாசையன்று பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால், அது கரைகிற மாதிரி நோயும் கரைந்து போகும் என்பது அங்கே நம்பிக்கை. கூட்டத்தில் முண்டியடித்துப் படியிறங்கி அவளே வெல்லத்தைக் கரைத்தாள். அப்படியே மாமியார் வீட்டில் தங்கிவிட்டோம். அங்கேயும் அவள் கையால்தான் எனக்குச் சமையல், அதே தனிச் சட்டி. ஆனால் கஞ்சி கரிக்கவில்லை. சில நாளிலேயே செருப்பு காலில் ஏறியது. இரவில் படுத்துத் தூங்கினேன். வீடே பெருமாளைக் கும்பிட்டது, நானும் கும்பிட்டேன்.

ஊர் திரும்பிய அன்று முதல் வாய்க் கஞ்சியிலேயே பழைய கரிப்பு வந்தது. தட்டை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக் கிணற்றுக்குப் போய், ஒரு வாளி இறைத்து அள்ளிக் குடித்தேன். அதே கரிப்பு.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. ஊர்க் கோடியில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி. அது குடிப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் லேசாக உவர்ப்பு. அது துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ, சோறும் கஞ்சியும் வைக்க. உவர்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரிசி எதிலும் வேகும், அதனால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. பருப்புக்குக் கொடுத்த மரியாதையை எனக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் வெந்த சோற்றைத் தின்ற நாக்குகளுக்கு அதில் உப்பு இருப்பது எப்படித் தெரியும்? உப்பை விட்டு ஒதுங்கிய என் நாக்குக்கு மட்டும் தெரிந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர், "இனிமே இந்தப் பக்கத்துலேர்ந்து யார் வந்தாலும் முதல்ல எந்தத் தண்ணில சமைக்கிறீங்கன்னு கேக்கறேன்" என்றார். என்னைச் சந்தேகப்பட்டதற்கு அதுவே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பெருமாள்தான் தண்ணீரை மாற்றிக் காட்டினார் என்பது என் மனைவியின் கட்சி. அதை மறுத்துப் பேச எனக்கு இன்றைக்கும் தைரியம் இல்லை.

காரணம் தெரிந்தது, தண்ணீருக்கு எங்கே போவது? கோடை வேறு. ஊர்க் கிணற்றில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை. என் சோற்றுக்கும், காய் கழுவவும், சட்டி அலசவும் நல்ல தண்ணீர் வேண்டும். தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் தங்கள் முறையில் ஒரு குடத்தை எங்களுக்கு விட்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை, கிணற்றடியில் பேச்சு வந்தது, அவ்வளவுதான். வாய்க்கால் சண்டைக்காரர் வைக்கோல் விற்க எங்கள் பக்கத்து ஆரணிக்கு வண்டி கட்டுகிறவர். திரும்பும்போது ஆற்று மணலில் ஊற்றுப் பறித்து, குடங்களை வைக்கோலில் புதைத்துக் கொண்டுவந்து இறக்குவார். "இந்தா, உன் பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். கோடை முற்றினால் ஊர்க் கிணறும் கரிக்கும். அதனால் மனைவி ஒவ்வொரு குடத்திலும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பாள். சில சமயம் முழுக் குடத்தையும் முருங்கை மரத்துக்கு ஊற்றிவிடுவாள்.

சாதாரண ஜனங்களுக்கு இத்தனை கெடுபிடியான சாப்பாடு தேவையா என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் குடங்கள்தான் ஞாபகம் வரும். உயிர் போகிற நிலைமை என்றால் தேவை. அந்தப் பத்தியம் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் என் பங்குக்கு நான் செய்தது, கொடுத்ததைத் தின்றது மட்டும்தான். மற்றதெல்லாம் இடுப்பிலும் வண்டியிலும் வந்தது. சும்மா நூறு வயது இருக்கலாமே என்ற ஆசைக்காக ஒருவர் பத்தியம் ஆரம்பித்தால், சுமை யார் இடுப்பில் ஏறுகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும். எனக்காகச் சுமந்தவர்களுக்கு நான் நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. எங்கள் பக்கம் அப்படிச் சொல்கிற வழக்கமும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் குழாயில் வெள்ளை திரியவில்லை. டாக்டர் இரண்டு தடவை சூடு காட்டிப் பார்த்தார். "இனிமே கொஞ்சம் போட்டுக்கலாம். கொஞ்சம்தான்" என்றார்.

அன்றைக்கு மனைவி ஏரி மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அதுவரை எனக்குத் தனியாகவும், அவளுக்கும் மகளுக்கும் உப்புப் போட்டுத் தனியாகவும் சமைக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்கள் சாப்பிடுவார்கள், அதனால் பார்த்ததில்லை. அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா, உப்பு! கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

மகள் வாயில் வைத்ததைத் துப்பினாள்.

"அம்மா, உப்பே இல்ல!"

"நல்லாத்தானே கீது கண்ணு" என்றேன்.

"ஆமா, எனக்குக்கூட கொஞ்சம் தூக்கலாத்தான் தெரியுது" என்ற என் மனைவி, சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நீ எப்போலேர்ந்து உப்பு போட்டுக்கறதில்ல?"

"திருவள்ளூர்லேர்ந்து வந்தோமே, அன்னிலேர்ந்து. கொழந்தைக்கு மட்டும் தட்டுல போட்டுப் பெசைஞ்சுடுவேன்."

"உனக்கு இன்னா நோவா? எதுக்கு இந்த வேலை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு மீனில் முள் எடுத்தாள்.

"கஞ்சி கரிக்குதுன்னீங்க, எனக்குத் தெரியலியே. உங்க நாக்குக்குத் தெரியறது என் நாக்குக்குத் தெரியலைன்னா, நான் எப்படிங்க உங்களுக்கு ஆக்கிப் போடறது?"

முள் எடுத்த மீனை மகளின் தட்டில் வைத்துவிட்டு, அவளுக்கு உப்பு எடுத்துவர எழுந்து உள்ளே போனாள்.